தட்டில் பிழைத்த நரம்புகள்

வியாசர்பாடி, சென்னை
11.8.2002

அக்காவுக்கு,

ஜெய் பீம். நைனாவும் அம்மாவும் நலம். நான் நலமாக இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வாரம் நீ பெங்களூரிலிருந்து போன் செய்தபோது நான் "ம், ம்" என்று மட்டும் சொன்னேன். நீ கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாய். நீ பேசியதில் பாதிகூட எனக்குக் கேட்கவில்லை, அதுதான் விஷயம். இனி என்னோடு பேச வேண்டுமானால் எழுது.

இரண்டு வருடமாகவே வலது காதில் ஓர் இரைச்சல். திருவொற்றியூர் பட்டறையில் இரும்பு கடையும் ஆறு லேத்துகளுக்கு நடுவில் நிற்கிறவன் காது வேறு எப்படி இருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு இடது காதும் மங்கிவிட்டது. இந்த மார்ச்சில் கை. லேத்தில் இரும்பை மாட்டிச் சாவி போட்டு இறுக்கும்போது சாவி நழுவியது. முதலாளி குணசேகரன், "இன்னா பீமு, நாஷ்டா துண்ணலியா?" என்று சிரித்தார். ஒரு வாரம் கழித்து, நான் சரியாக இறுக்காத இரும்பு சுழன்று பறந்து சுவரில் போய் அடித்தது. யார் மேலும் படவில்லை. அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் கையிலும் காலிலும் ஊசி குத்தி மின்சாரம் வைத்துப் பார்த்தார்கள். சீட்டில் எம்.என்.டி. என்று எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். டோல்கேட்டில் ஓர் இன்டர்நெட் கடைக்குப் போய் நானே தட்டிப் பார்த்தேன். தசையை அசைக்கிற நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோயாம். மூன்று வருடம், மிஞ்சினால் ஐந்து என்று போட்டிருந்தது. எனக்கு இருபத்தாறு முடியவில்லை.

அன்புக்கரசி வீட்டுக்குப் போய், பெண்ணுக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். காரணம் சொல்லவில்லை. அவள் அப்பா ஏதோ கத்தினார். நல்லவேளை, அதுவும் சரியாகக் கேட்கவில்லை.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். பொங்கலுக்கு வந்தபோது நீயே சொன்னாய்: எலியின் தண்டுவடத்து நரம்பு செல்களை ஆய்வுக்கூடத் தட்டில் வைத்து வளர்க்கிறாய், சும்மா விட்டால் மூன்றே நாளில் செத்துவிடும், ஒரு சொட்டு விட்டால் வாரக்கணக்கில் பிழைத்திருக்கும் என்று. நான்கூட "எலிக்கு ஆயா வேலை" என்று உன்னைக் கிண்டல் செய்தேன். அந்தச் சொட்டு எனக்கு வேண்டும். எப்படிக் கொண்டுவருவாய் என்று உனக்குத் தெரியும்.

பீம்ராவ்


பெங்களூர்
19.8.2002

அன்புத் தம்பி பீமாவுக்கு,

உன் கடிதத்தை ஆய்வுக்கூடத்து மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன்.

முதலில் என் தப்பு. பொங்கலன்று நான் இரண்டு தடவை கூப்பிட்டும் நீ திரும்பவில்லை. தம்பிக்கு என் மேல் ஏதோ வருத்தம் என்று நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். டம்ளரை நீ இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாய். அதையும் பார்த்தேன். இரண்டு வருடமாக இந்த நரம்புகளைத்தான் காலையும் மாலையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்த உன்னிடம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நீ கேட்டதை நான் தர முடியாது. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

அந்தச் சொட்டுக்கு வளர்ச்சிக் காரணி என்று பெயர். மருந்து என்று சொல்ல முடியாது, உடம்பே செய்துகொள்ளும் ஒரு புரதம். தண்டுவடத்தில் இருக்கிற நரம்பு செல் ஒரு நீளமான இழையை அனுப்பித் தசையைத் தொடுகிறது. தொட்ட இடத்திலிருந்து தசை இந்தப் புரதத்தைக் கொடுக்கிறது, அது இழை வழியாகவே செல்லுக்குப் போய்ச் சேர்கிறது. 'நீ எனக்கு வேண்டும், இரு' என்று தசை சொல்வதாக வைத்துக்கொள். அந்தச் சொல் வராவிட்டால் செல் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். தட்டில் தசை கிடையாது. அதனால் அந்தச் சொல்லை நான் சொட்டாக விடுகிறேன்.

தட்டில் பிழைத்தது உடம்பிலும் பிழைக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். வெளிநாட்டில் இந்த நோயுள்ள நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். ரத்தத்தில் போன புரதம் சீக்கிரமே கரைந்துபோனது. தண்டுவடத்துக்குப் போய்ச் சேர்ந்தது சொற்பம். ஒரு வகை ஊசியில் பலருக்குக் காய்ச்சல் வந்தது, உடம்பு இளைத்தது. ஏற்கெனவே தசை கரைகிறவர்களுக்கு எடையும் குறைந்தால் என்ன ஆகும்? எங்கள் ஆய்வுக்கூடக் குளிர்பெட்டியில் இருப்பது அதைவிட மோசம். மனித உடம்பில் போடுவதற்காகச் செய்ததே இல்லை.

இன்னொன்று. நான் படித்தவரை இந்த நோயில் காது கெடுவதில்லை. உன் காது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. கையா, காதா, எது முதலில் என்று தேதியோடு எழுது. முகத்திலோ நாக்கிலோ ஏதாவது தெரிகிறதா? சோறு விழுங்க முடிகிறதா? எதையும் மறைக்காதே.

அன்புக்கரசி விஷயத்தில் நீ செய்தது சரியில்லை. அதைப் பிறகு பேசிக்கொள்வோம்.

அக்கா
சங்கமித்ரா


வியாசர்பாடி
26.8.2002

அக்காவுக்கு,

எலிக்குக் கொடுப்பாய். தம்பிக்குத் தர மாட்டாய்.

பாடம் நன்றாக நடத்தியிருக்கிறாய். காய்ச்சல் வரும், இளைத்துப்போவேன் என்கிறாய். ஊசி போடாமலே இளைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். சட்டைப் பித்தானை அம்மா போட்டுவிடுகிறாள்.

நீ கேட்ட தேதியெல்லாம் நான் எழுதப் போவதில்லை. நான் உன் தட்டில் கிடக்கிற செல் இல்லை. இனி எழுதாதே.

பீம்ராவ்


பெங்களூர்
7.10.2002

பீமா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

காந்தி ஜெயந்தி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு நாள் இருந்தேன். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. நைனா மூன்று தடவை, "ரெண்டு பேரும் இன்னாடா இப்டி மூஞ்ச தூக்கி வச்சிகினு கீறீங்கோ" என்று கேட்டார். நான் எதற்காக வந்தேன் என்று அவருக்குத் தெரியாது. உனக்கும் சொல்லாமலே கிளம்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

அந்தப் புரதத்தை நான் கொண்டுவந்தேன். யாரிடமும் கேட்காமல் குளிர்பெட்டியைத் திறந்து, ஐஸ் நிரப்பிய பிளாஸ்கில் வைத்து மூடி, பெங்களூர் மெயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். உனக்கு அவ்வளவு நியாயம் எழுதிய அதே கைதான் அதைச் செய்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா, "இன்னாடி அதுல, கொழம்பு மீனா?" என்றாள். "ஆமா, ஆராய்ச்சி மீன்" என்று சொல்லி அலமாரிக்கு மேலே வைத்தேன்.

இரண்டு நாளும் நீ சாப்பிடுவதைப் பார்த்தேன். இன்றைக்குக் கொடுத்துவிடலாம் என்று எழுவேன். நாமே இப்படிக் குத்திக்கொண்டு உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அப்புறம் நான் எந்தத் தட்டைப் பார்ப்பேன் என்று உட்காருவேன். கடைசியில் தைரியம் இல்லாமல்தான் திரும்பிவந்தேன். நேர்மை என்று எடுத்துக்கொள்ளாதே.

வந்த அன்றே என் வழிகாட்டி சங்கரநாராயணன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னை அனுப்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். குளிர்பெட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். ஆறு மாதம் அதைத் தொடக்கூடாது என்றார். பிறகு, "தம்பிக்கு என்ன வயசு?" என்று கேட்டார். சொன்னேன். காதைப் பற்றியும் சொன்னேன். சட்டென்று நிமிர்ந்தார். "காதா? காது முதலிலா?" என்றார்.

பீமா, இந்த நோயில் ஒரு தனி வகை உண்டாம். இளம் வயதில் வருவது, கை கால் மெலிவது, கூடவே காது மங்குவது. முப்பது வருடத்துக்கு முன்பே நம் ஊர் டாக்டர்கள்தான் அதை எழுதி வைத்தார்கள். அதன் பெயரிலேயே மெட்ராஸ் இருக்கிறது. சார் பழைய கட்டுரை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதில் வருகிறவர்களில் பலர் பத்து, இருபது வருடம் கழித்தும் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள்.

உனக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. சொல்ல நான் டாக்டர் இல்லை. இங்கே நரம்பியல் மருத்துவமனையில் டாக்டர் அஜீசுன்னிசா என்பவர் இந்த வகையை நிறையப் பார்த்திருக்கிறார். நவம்பர் 18 அன்று உனக்கு நாள் வாங்கியிருக்கிறேன். நீ எனக்காக வர வேண்டாம். உன் காதுக்காக வா.

சங்கமித்ரா


வியாசர்பாடி
15.10.2002

அக்கா,

பிளாஸ்கில் மீன் இல்லை என்று எனக்குத் தெரியும்.

இரண்டாம் நாள் காலை நீ குளிக்கப் போனபோது ஸ்டூல் போட்டு ஏறி அதை இறக்கினேன். உள்ளே சுண்டுவிரல் அளவில் ஒரு பிளாஸ்டிக் குழாய். அடியில் கண்ணீர்த் துளியைவிடக் குறைவாகத் தண்ணீர்போல ஏதோ. இவ்வளவுதானா என்று சிரிப்பு வந்தது. ஊசி ஏற்கெனவே என்னிடம் இருந்தது. வண்ணாரப்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் வாங்கி வைத்திருந்தேன்.

மூடியைத் திறக்க என் விரலால் முடியவில்லை.

கட்டைவிரலை அதன் விளிம்பில் வைத்து அழுத்தினேன். இரும்பைக் கடைந்த கை அக்கா இது. ஒரு பிளாஸ்டிக் மூடி அசையவில்லை. பல்லால் கடித்துத் திறந்திருக்கலாம். அம்மாவைக் கூப்பிட்டால் என்ன ஏது என்று கேட்காமல் திறந்து கொடுத்திருப்பாள். கூப்பிட வாய் வரவில்லை. இதை நீ திருடித்தான் கொண்டுவந்திருப்பாய் என்று அப்போதுதான் உறைத்தது. நம் தெருவில் வேறு யாரும் போகாத இடத்துக்குப் போயிருக்கிறாய். எனக்காக அதை விட்டுவிட்டு வந்து நின்றால் நான் எந்த முகத்தோடு பிழைத்திருப்பேன்? எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். நீ கிளம்பும்போது வாசல்வரை வராததற்கு அதுதான் காரணம். வந்திருந்தால் அழுதிருப்பேன்.

நீ கேட்ட தேதிகள்: வலது காது 2000 தீபாவளி. இடது காது 2001 நடுவில். கை இந்த மார்ச்சில்தான் எனக்கே தெரிந்தது. முகத்தில் வலது பக்கம் கொஞ்சம் இழுவை, சிரித்தால் தெரிகிறது. சோறு இறங்குகிறது, தண்ணீர் மட்டும் சில நேரம் புரையேறுகிறது.

அன்புக்கரசி வந்தாள். நைனாதான் புளியந்தோப்புக்குப் போய் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். நேராக என் எதிரில் உட்கார்ந்து, நான் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்:

"நீயா முடிவு பண்ணா ஆச்சா? என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"எனக்கு அஞ்சு வருஷம்தான் அன்பு" என்றேன்.

"உன்னாண்ட எவன் சொன்னான்? அந்தக் கம்ப்யூட்டரா? அது உன்னத் தொட்டுப் பாத்துச்சா?"

உன் கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு தரம் படித்தாள். "நானும் வரேன் பெங்களூருக்கு" என்றாள். "நீ எதுக்கு?" என்றேன். "டாக்டர் சொல்றது உன் காதுல வுழுமா? நான்தான் கேட்டுகினு வந்து உனக்குச் சொல்லணும்" என்றாள். அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தது எனக்குக் கேட்கவில்லை, ஆனால் தோள் குலுங்கியதைப் பார்த்தேன்.

வருகிறோம்.

பீமன்


வியாசர்பாடி
2.12.2002

அன்பு அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். ரயிலில் அன்பு தூங்கவே இல்லை. டாக்டர் சொன்னதையெல்லாம் அவள் எழுதி வைத்த நோட்டைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டே வந்தாள்.

நீ உள்ளே வராமல் வெளியில் நின்றாயே, அங்கே நடந்ததைச் சொல்கிறேன். டாக்டர் அஜீசுன்னிசா என் கையை ஒரு மணி நேரம் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார், கன்னத்தை உப்பச் சொன்னார். காதுக்குத் தனியாக ஒரு சோதனை. எல்லா ரிப்போர்ட்டும் வந்த பிறகு, நான் படிக்கும்படி ஒரு தாளில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதினார். "இது வேகமான வகை இல்லை. மெதுவான வகை. நோய் முழுவதும் நிற்காது. ஆனால் உங்களுக்கு நிறைய வருடங்கள் இருக்கின்றன."

நான் அதைப் படித்துவிட்டு அன்புவைப் பார்த்தேன். அவள் டாக்டரிடம், "நெறயன்னா எவ்ளோ மேடம்?" என்று கேட்டாள். டாக்டர் சிரித்து, "என்கிட்ட வர்றவங்கள்ல ஒருத்தருக்குப் பேரனே பொறந்துட்டான்" என்றாராம். இதை அன்பு வெட்கத்தோடு நோட்டில் எழுதிக் காட்டினாள்.

மறுநாள் உன் ஆய்வுக்கூடத்தில் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வைத்தாய். முதலில் எதுவும் புரியவில்லை. நீ அதன் குமிழைத் திருப்பியதும் தெளிந்தது. ஒரு குட்டி உருண்டை, அதிலிருந்து ஒரே ஒரு நீள இழை, எங்கேயோ யாரையோ தேடிக்கொண்டு போகிறது. பக்கத்துத் தட்டில் சொட்டு விடாதவை சுருங்கி உடைந்து கிடந்தன. என் உடம்பில் இரண்டும் இருக்கின்றன என்று நினைத்தேன். பயமாக இல்லை. இத்தனை நாள் பேர் மட்டும் தெரிந்த ஒருத்தனை நேரில் பார்த்ததுபோல இருந்தது.

காதுக்குக் கருவி வைத்துவிட்டார்கள். முழுக்கக் கேட்கவில்லை. ஆனால் ரயில் வியாசர்பாடி ஜீவா ஸ்டேஷனைத் தாண்டுகிற சத்தம் கேட்கிறது. அம்மா எவ்வளவு சத்தமாகப் பேசுகிறாள் என்பதும் தெரிந்துவிட்டது.

குணசேகரன் அண்ணன் பட்டறையில் கம்ப்யூட்டர் லேத்து ஒன்று இறக்கியிருக்கிறார். அதில் சாவி போட்டு இறுக்க வேண்டாம், காற்றழுத்தமே இறுக்கும். எண்களைப் பித்தானில் தட்டினால் போதும். "உனுக்கு கணக்கு வரும், நீயே இத்த ஓட்டு பீமு" என்றார். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து போகிறேன்.

மே மாதம் கல்யாணம். புத்த விகாரில், பஞ்சசீலம் சொல்லி. நீ பத்து நாள் முன்னதாகவே வர வேண்டும். எலிகளை யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.

பீமன்


பெங்களூர்
20.2.2004

அன்புள்ள பீமாவுக்கும் அன்புவுக்கும்,

ஒரு செய்தி. என் கட்டுரை அச்சாகப் போகிறது. உனக்குப் புரியும்படி சொல்கிறேன். ஒரு வளர்ச்சிக் காரணி மட்டும் கொடுத்த தட்டில் பத்தாம் நாள் நூற்றுக்கு முப்பது செல்கள் உயிரோடு இருந்தன. இரண்டு வகையைச் சேர்த்துக் கொடுத்த தட்டில் ஐம்பத்தைந்து. மூன்று வருடம், எழுபது தடவை செய்து பார்த்து, கடைசியில் கூடுதலாக இருபத்தைந்து செல்.

போன வாரம் ஒரு கூட்டத்தில் இதைப் பேசினேன். முடிந்ததும் ஒரு பெரியவர் எழுந்து, "இதனால் நோயாளிக்கு என்ன பயன்?" என்று கேட்டார். "இன்றைக்கு ஒன்றும் இல்லை. தண்டுவடத்துக்குள் இதை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்று தெரிந்தால் அப்போது உண்டு. அதற்குள் எதைக் கொண்டுசேர்க்க வேண்டும் என்று தெரிந்து வைத்துக்கொள்கிறோம்" என்றேன். சங்கரநாராயணன் சார் கடைசி வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினார்.

உனக்கு மருந்து கண்டுபிடித்துக் கொண்டுவருவேன் என்று ஒரு காலத்தில் மனசுக்குள் சபதம் போட்டிருந்தேன். அதை விட்டுவிட்டேன், பீமா. இப்போது காலையில் அந்தச் செல்கள் எப்படி இருக்கின்றன என்று பார்க்கவே போகிறேன். வேலை அதனால் நன்றாக நடக்கிறது. உனக்கு இது வருத்தமாக இருக்குமா?

கை எப்படி இருக்கிறது? புரையேறுவது அதிகமாகிறதா? உண்மையைச் சொல். அன்பு தனியாக எனக்கு எழுதிவிடுவாள்.

சங்கமித்ரா


வியாசர்பாடி
7.3.2004

அக்கா,

வருத்தமா? உன் கடிதத்தைப் பட்டறைக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். "இருபத்தஞ்சு செல்லு ஜாஸ்தியா? சூப்பரு!" என்று குணசேகரன் அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தார். செல் என்றால் என்ன என்று டீ குடித்த பிறகுதான் கேட்டார்.

வலது கையில் பிடி இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. பேனாவைத் துணி சுற்றித் தடிமனாக்கித்தான் இதை எழுதுகிறேன். இடது கை அப்படியேதான் இருக்கிறது. தண்ணீரை நிதானமாகக் குடிக்கிறேன். வேலைக்குப் போகிறேன், கையெழுத்துப் போடுகிறேன். போதும்.

உனக்குச் சொல்ல வேண்டியது வேறு. போன மாதம் பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் எனக்கு முன்னால் ஓர் அம்மாவும் பெண்ணும் நின்றிருந்தார்கள். எண்ணூர்க் குப்பத்து மீன்காரர்கள். அம்மா பெயர் மங்கை, பெண் மலர். இருபத்திரண்டு வயது. கூடையைத் தூக்கக் கை ஒத்துழைக்கவில்லை, ரெண்டு காதும் மந்தம். மங்கையம்மா என்னிடம், "இவ பேர்ல யாரோ இன்னாமோ செஞ்சி வச்சிட்டாங்கோ தம்பி, காத்தால எழுந்தா ஒரே அழுக" என்றார். மலர் எதையும் கேட்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் கூப்பிட்டும் திரும்பவில்லை. மங்கையம்மா அதற்கும் அவளைத் திட்டினார்.

நான் என் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, "எனக்கும் இதேபோலத்தான். காதுதான் முதலில். மூணு வருஷம் தாண்டியாச்சு. போன வருஷம் கல்யாணம் ஆச்சு" என்று எழுதி அவளிடம் நீட்டினேன். அவளுக்கும் அதே வகையா என்று எனக்கு எப்படித் தெரியும்? அதனால் அதை எழுதவில்லை. "பெங்களூரில் ஒரு டாக்டர் இருக்கிறார். தொட்டுப் பார்த்துச் சொல்வார்" என்று மட்டும் சேர்த்தேன். கூடவே உன் முகவரி.

ரொம்ப நேரம் படித்தாள். பிறகு என் பேனாவைக் கேட்டு வாங்கி, இரண்டு கையாலும் பிடித்து, கீழே எழுதினாள்: "அண்ணா, உங்க எழுத்து நண்டு ஓடின மாதிரி கீது."

வாங்கி எழுதினேன்: "உன்னுது மட்டும் இன்னாவாம்?"

அவள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். தன் சிரிப்பு எவ்வளவு சத்தம் என்று அவளுக்குத் தெரியவில்லை. என் காதுக்கே எட்டியது, அக்கா.

பன்னிரண்டாம் தேதி காலை பெங்களூர் மெயிலில் அம்மாவும் பெண்ணும் அங்கே வருகிறார்கள். ஸ்டேஷனுக்குப் போ. மலரைக் கூப்பிடாதே, எதிரில் போய் நில்.

பீமன்